ஃபிரிட்ஜ் அம்மாக்களும் 360 வரிகளும்

பெருங்களத்தூரில் சாயங்காலம் ஆறரை மணிக்கு எவ்வளவு சத்தம் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலின் ஹார்ன், ஜி.எஸ்.டி. சாலையில் ஆம்னி பஸ்களின் ஏர் ஹார்ன், தெருவில் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர். வீட்டுக்குள் குக்கர் விசில், டிவி சீரியல், மிக்ஸி.

இப்படி ஒரு வீட்டில் ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்றாவது விசிலுக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியம்மா பார்த்துவிட்டு ஒரே வரியில் தீர்ப்பு சொல்கிறார்: "செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே. வளர்ப்பு சரியில்ல."

அம்மா பதில் பேசாமல் அடுப்பை அணைக்கிறாள்.

"வளர்ப்பு சரியில்லை" என்ற இந்த ஒரு வரிக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. பெரியம்மா அதை எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை. ஆனால் இதையே உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்கள் கோட்டு போட்டுக்கொண்டு, புத்தகம் எழுதி, சுமார் 30 வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எப்படிப் பொய்யானது, அந்த நேரத்தில் நம் மெட்ராஸிலும் வேலூரிலும் என்ன நடந்தது, அதற்கான விலையை வீட்டில் யார் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பால்டிமோரில் 11 குழந்தைகள்

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 8 பையன்கள், 3 பெண்கள், மொத்தம் 11 குழந்தைகளைப் பற்றியது. ஆட்டிசம் என்று இன்று சொல்லப்படுவதற்குத் தொடக்கப்புள்ளியாகப் பலரும் காட்டுவது இந்தக் கட்டுரையைத்தான். (அதற்கு முன்பே 1925-ல் சோவியத் ஒன்றியத்தில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 6 பையன்களைப் பற்றி இதுபோலவே எழுதியிருந்தார். அவரை ரொம்ப காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை.)

கானர் தன் கட்டுரைக்கு வைத்த தலைப்பிலேயே 'உணர்வுத் தொடர்பு' என்ற சொல் இருந்தது. அதாவது இந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களோடு உணர்வால் ஒட்டும் தன்மையில்தான் சிக்கல் என்று அவர் நினைத்தார். அதே கட்டுரையில் இரண்டு விஷயங்களை நன்றாகக் கவனித்து எழுதியும் இருந்தார். ஒன்று, எல்லாம் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். இன்னொன்று, பெரிய சத்தங்களுக்குப் பயப்படுவது. பெருங்களத்தூர் குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்தும் பையன் 1943-லேயே ஏட்டில் ஏறிவிட்டான் என்று சொல்லலாம்.

ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது வேறொன்றை. இந்தக் குழந்தைகளின் பெற்றோரில் பாசமானவர்கள் குறைவு என்றும் கானர் எழுதியிருந்தார். இது பிறவியிலேயே வருவது என்று சொன்னவரும் அவரேதான்! ஆனாலும் 1949-ல் எழுதிய கட்டுரையில், பனி உருகாத ஃபிரிட்ஜுக்குள் வைத்தது போல இந்தக் குழந்தைகள் வளர்க்கப்பட்டார்கள் என்ற பொருளில் சொன்னார். அந்த ஃபிரிட்ஜ் அப்படியே ஒட்டிக்கொண்டது. 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று ஒரு பட்டப்பெயரே உருவாகிவிட்டது.

சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். இவர் ஹிட்லரின் வதை முகாம்களில் அடைபட்டுத் தப்பி வந்தவர். முகாமில் கைதிகள் உணர்வற்றுப் போனதையும், ஆட்டிசக் குழந்தை தனக்குள் ஒடுங்குவதையும் ஒப்பிட்டு 1967-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த ஒப்பீட்டில் குழந்தை கைதி என்றால் அம்மா யார்? யோசித்துப் பாருங்கள். தூக்கமில்லாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறைத் தாய்மார்களுக்குக் கிடைத்த பதில் இது.

இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. 1964-ல் அவர் எழுதிய புத்தகம், இது மூளையின் அமைப்பு சம்பந்தப்பட்டது, வளர்ப்பு சம்பந்தப்பட்டது இல்லை என்று வாதாடியது. 1977-ல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. வித்தியாசம் மரபணுவில்!

இதற்கிடையே 1969-ல் கானரே பெற்றோர் கூட்டம் ஒன்றில் நின்று, பெற்றோராகிய உங்கள்மேல் குற்றமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தீர்ப்பு திருத்தப்பட 26 வருடம் ஆனது.

கீழ்ப்பாக்கத்துக்கும் வீட்டுக்கும் நடுவில்

சரி, அந்தக் காலத்தில் நம்மூர் நிலைமை என்ன?

மெட்ராஸில் மனநோய்க்கான விடுதி 1794-லேயே தொடங்கிவிட்டது. 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயர் சினிமா காமெடியில் வசைச்சொல்லாக மாறியதன் பின்னணி இதுதான். 1912-ல் வந்த இந்தியப் பைத்தியக்காரர் சட்டம், மனநோய் உள்ளவரையும் அறிவு வளர்ச்சி குறைந்தவரையும் ஒரே வார்த்தையில் சேர்த்து வரையறுத்தது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்று. 1987-ல் வந்த மனநலச் சட்டம்தான் அறிவு வளர்ச்சிக் குறைவைத் தனியே பிரித்தது.

ஆட்டிசம் என்ற சொல் இந்திய மருத்துவ இதழ்களுக்கு வந்ததே 1959 வாக்கில்தான். அதுவும் டாக்டர்களின் உலகத்தில் மட்டும். வீடுகளில் வேறு சொற்கள் இருந்தன. 'ஒரு மாதிரி', 'அப்பாவி', 'மந்தம்', 'யார்கூடவும் சேர மாட்டான்', 'முன்கோபி', 'அவங்க அப்பாவும் இப்படித்தான் இருந்தார்'. பேசத் தெரிந்தவன், கணக்கு போடத் தெரிந்தவன் இந்தச் சொற்களுக்குள் ஒளிந்து வேலைக்குப் போனான், கல்யாணம் கட்டினான். பேச்சு வராதவன் பின்கட்டில் இருந்தான். விருந்தாளி வந்தால் உள்ளே அனுப்பப்பட்டான். காரணம் கேட்டால் கிரகணம், ஜாதகம், பூர்வ ஜென்ம பாவம் என்று பல பதில்கள் இருந்தன. எல்லாப் பதிலும் கடைசியில் அம்மாவிடம் வந்துதான் நின்றது.

வேலூரில் திறந்த கதவு

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் வேறு பாதையில் போகிறது.

1957-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தை டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் கூடவே தங்குவது வழக்கமானது. அப்போது உலகத்தின் பல மனநல விடுதிகளில் குடும்பத்தைப் பிரிப்பதுதான் முறை. பெட்டல்ஹைம் குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்துத் தன் விடுதியில் வைத்ததும் இதே காலகட்டத்தில்தான். அங்கே குடும்பத்தை நோய்க்குக் காரணம் என்றார்கள். இங்கே குடும்பம் இல்லாமல் வேலை நடக்காது என்றார்கள். இதில் கொள்கை பாதி, ஆள் பற்றாக்குறை பாதி. எப்படியோ, கதவு திறந்துவிட்டது.

வேலூரில் குழந்தைகளுக்கான பிரிவின் பெயர் 'நம்பிக்கை நிலையம்'. பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து தங்கிப் பயிற்சி எடுக்கும் இடம். 1999-ல் அங்கிருந்து பால் ரசல் குழுவினர் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஆய்வு வெளியிட்டார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோரைக் குழுவாக உட்கார வைத்து, பாடம் மாதிரி இல்லாமல் பரஸ்பரம் பேச வைத்துப் பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளைப் பற்றிய அவர்கள் மனோபாவம் மேம்படுகிறது என்று அது காட்டியது.

மெட்ராஸின் 360 வரிகள்

மெட்ராஸில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற அமைப்பின் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரித்தார்கள். பெயர், மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம். சுருக்கமாக எம்.டி.பி.எஸ். 18 பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் மொத்தம் 360 வரிகள். இன்றும் இந்தியாவின் சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் பலர் பயிற்சியில் இதைப் படிக்கிறார்கள்.

இதில் என்ன விசேஷம்? இது ஐ.க்யூ. போல ஒற்றை எண் தருவதில்லை. சாப்பிடுவது, உடுத்துவது, தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, கழிப்பறை, வீட்டு வேலை, மற்றவர்களோடு பழகுவது, பணம், நேரம் என்று ஒரு வீட்டின் ஒரு நாளையே படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். முக்கியமாக, வரிகள் 'செய்யத் தெரியாது' என்ற தொனியில் இல்லாமல் 'செய்கிறான்' என்ற தொனியில் எழுதப்பட்டவை. இந்தப் படியைச் செய்கிறானா, இன்னும் இல்லையா, அடுத்த படி எது என்பதுதான் கேள்வி.

ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "கம்பெனி திவால்" என்று யாரும் சொல்வதில்லை. சொத்துப் பக்கத்தையும் பார்ப்பார்கள். குழந்தையின் சொத்துப் பக்கத்தை எழுதிய பட்டியல் என்று எம்.டி.பி.எஸ்-ஐச் சொல்லலாம். அதை எழுத வேண்டுமானால் வீட்டில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். சட்டைப் பொத்தானை அவனே போடுகிறானா என்பது டாக்டருக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும். இப்படித்தான் குற்றவாளிக் கூண்டில் நின்ற அம்மா, இங்கே முக்கிய சாட்சியாக ஆனாள்.

1985-ல் பூனம் நடராஜன் சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிற்பாடு வித்யா சாகர் என்று பெயர் மாறி, கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. அவரும் மாற்றுத்திறன் கொண்ட ஒரு மகனின் அம்மா. 1989-ல் தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் வந்தது. சின்னஞ்சிறு வயதிலேயே பயிற்சியைத் தொடங்கும் 'உபநயன்' என்ற திட்டம், அம்மாவும் குழந்தையும் சேர்ந்து வந்து கற்பது. 1990-களின் தொடக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்காக மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் உருவானது. டெல்லியில் 1991-ல் மேரி பரூவா தொடங்கிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பின் பின்னாலும் ஒரு மகன் இருந்தான்.

பட்டியலைப் பாருங்கள். ரிம்லாண்ட், பூனம் நடராஜன், மேரி பரூவா... முதலில் அசைந்தது அரசாங்கம் இல்லை, பெற்றோர்.

சட்டத்துக்கு எப்போது தெரிந்தது?

1995-ல் இந்தியாவில் ஊனமுற்றோருக்கான பெரிய சட்டம் வந்தது. 7 வகைகள். அதில் ஆட்டிசம் இல்லை. சான்றிதழ் வாங்கப் போன பெற்றோருக்கு, பிள்ளையை 'மனவளர்ச்சி குன்றியவன்' என்ற கட்டத்தில் போடுவதைத் தவிர வழி பெரும்பாலும் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 18 வயது தாண்டியவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழுவை அமைத்தது. "எங்களுக்கு அப்புறம் யார் பார்த்துப்பாங்க?" என்று ராத்திரி தூங்காமல் கேட்கும் பெற்றோருக்குச் சட்டம் சொன்ன முதல் பதில் அது. வித்யா சாகரின் பூனம் நடராஜன் பிற்பாடு அந்த அறக்கட்டளைக்குத் தலைவராகவும் இருந்தார்.

2005-ல் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் வந்தது. 2016-ல் வந்த புதிய சட்டத்தில் 7 வகை 21 ஆனது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. அரசு வேலையில் மொத்தம் 4 சதவீதம், அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம் ஒதுக்கீடு. கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.ஹெச்.டி. மட்டும் அந்த 21-லும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் என்று எண்ணியது. அந்தப் படிவத்திலும் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது.

பெயர் விஷயத்தையும் பார்க்க வேண்டும். தமிழக அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நீண்ட நாள் புழங்கிய சொல் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். 'சிந்தனையற்றோர்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். காதைப் பொத்திக்கொண்டு அலறும் பையனுக்குப் புற உலகம் தெரியவில்லையா? மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் கேட்கிறது என்பதுதானே அவன் பிரச்சினை! கானர் 1943-ல் பார்த்த இந்த விஷயத்தை, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம்-5 ஆட்டிசத்தின் அளவுகோல்களில் ஒன்றாக வெளிப்படையாகச் சேர்த்தது 2013-ல். சரியாக 70 வருடம்.

உணர்ச்சி இல்லையா, வெளிப்பாடு வேறா?

கானரின் தலைப்பில் இருந்த 'உணர்வுத் தொடர்பு' என்ற கேள்விக்கு இப்போது வருவோம். இவர்களுக்கு உணர்ச்சி கிடையாது, பாசம் தெரியாது என்பது ரொம்ப காலம் இருந்த நம்பிக்கை.

1990-களில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களே பேச ஆரம்பித்தார்கள். 1993-ல் ஜிம் சின்க்ளேர், எங்களுக்காக அழாதீர்கள் என்று பெற்றோரைப் பார்த்து எழுதினார். மூளைகள் பலவிதம், அதில் இதுவும் ஒரு விதம் என்ற கருத்து அவர்களுடைய உரையாடல்களில் வளர்ந்தது. நியூரோடைவர்சிட்டி என்ற சொல் 1998-ல் அச்சுக்கு வந்தது. தமிழில் நரம்பியல் பன்மை என்கிறார்கள். 2012-ல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், இன்னொரு கேள்வி கேட்டார். அவர்களுக்கு எங்களைப் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு அவர்களைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் நோய் என்று பெயர்?

இதை நம் வீட்டு வழக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும்.

தமிழில் விடைபெறும்போது "போறேன்" என்று சொல்வது அபசகுனம். "போயிட்டு வரேன்" என்போம். எல்லாருக்கும் அது வெறும் மரியாதை. ஆனால் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு? மாமா போயிட்டு வரேன் என்றார், அப்படியானால் வருவார். அவன் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறான். ராத்திரி ஆகிறது. சாப்பிட வர மறுக்கிறான், இழுத்தால் கத்துகிறான். வீட்டார் பார்வையில் காரணமே இல்லாத அடம். அவன் பார்வையில் மாமா வாக்கு கொடுத்திருக்கிறார். இதில் பாசம் இல்லாதவர் யார்?

"ரெண்டே நிமிஷம்" என்று நாம் சொன்னால் அரை மணி நேரம். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "பெரியவங்க கண்ணைப் பார்த்துப் பேசு" என்கிறோம். கண்ணைப் பார்த்தால் பேச்சு காதில் ஏறாது, பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் கண்ணைத் திருப்ப வேண்டும் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவது அத்தைக்குப் பாசம், தொடுதல் எரிச்சலாக இருக்கும் பிள்ளைக்கு வலி. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம், தீபாவளியில் சரவெடி, புதுச் சட்டையின் கழுத்து லேபிள், குழம்பில் வழுவழுக்கும் வெண்டைக்காய், மழை நாளில் பள்ளி வேன் மாற்றுப் பாதையில் போவது... இப்படி நாள் முழுக்கச் சேர்ந்தது, சாயங்காலம் ஒரு குக்கர் விசிலில் வெடிக்கிறது. பெரியம்மாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு விசில் மட்டும்தான்.

பேச்சே வராத பிள்ளைகளின் நிலைமை இன்னும் கஷ்டம். இதற்கும் ஒரு சென்னை பதில் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், வித்யா சாகரோடு சேர்ந்து வேலை செய்து 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாகப் பேசும். 2011-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. இதழ் தேர்ந்தெடுத்த இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பிறகு அது டேப்லெட்டில் ஓடும் ஆப் ஆனது. தமிழும் பேசுகிறது. 'வலிக்குது', 'வேண்டாம்', 'சத்தம்' என்று தொட்டுச் சொல்ல முடிகிற பிள்ளைக்குக் கத்திச் சொல்ல வேண்டிய அவசியம் குறைகிறது.

கணக்கில் வராத வேலை

இதுவரை படித்தால் அம்மாக்கள் ஜெயித்த கதை மாதிரி இருக்கும். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு.

குற்றவாளியாக இருந்த அம்மாவைப் பயிற்சியாளராக மாற்றியது பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பயிற்சியாளருக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. பெருங்களத்தூரிலிருந்து கோட்டூர்புரம் போக வேண்டுமென்றால் மின்சார ரயிலில் கிண்டி, அப்புறம் பஸ். முட்டுக்காடு என்றால் வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று மாறி மாறிப் போக வேண்டும். கூட்டமும் ஹார்னும் தாங்காத ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு! 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது, 2021-ல் பெருங்களத்தூர் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. அலுவலகங்கள் கொஞ்சம் கிட்டே வந்திருக்கின்றன. ஆனால் வாரத்தில் மூன்று நாள் தெரபிக்கு அலையும் ஒருவர் வேலைக்குப் போவது எப்படி? பெரும்பாலும் அம்மாதான் வேலையை விடுகிறாள்.

பொருளாதாரப் பாடத்தில் ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட் என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப்போகும் இன்னொன்றின் மதிப்பு. விட்டுவிட்ட அந்தச் சம்பளம் எந்தத் தெரபி ரசீதிலும் வராது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இது எல்லா வீடுகளின் சராசரி. 360 வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லித்தரும் வீட்டில் எவ்வளவு என்பதற்குத் தனியாகக் கணக்கு போட வேண்டியதில்லை.

தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குத் தருகிறது. நல்ல விஷயம். ஆனால் அம்மாவின் நேரத்துக்குக் காப்பீடு கிடையாது. கூடப்பிறந்த அக்காவோ தம்பியோ "நீதான் பெரியவ, விட்டுக்கொடு" என்று கேட்டுக் கேட்டு வளர்வதற்கும் கிடையாது.

அப்பாக்கள்? 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் ஆட்டிசம் உள்ள மகனை அப்பாதான் வளர்க்கிறார். ஆனால் அந்தக் கதையில் அம்மா இறந்துபோயிருக்கிறாள். அம்மா உயிரோடு இருக்கும்போதே அப்பா பாதி வேலையை எடுத்துக்கொள்ளும் கதை இன்னும் சினிமாவில் அரிதுதான். எழுத்தில் நிலைமை பரவாயில்லை. யெஸ். பாலபாரதி தமிழில் பெற்றோருக்காக 'ஆட்டிசம் சில புரிதல்கள்' எழுதினார், 'துலக்கம்' என்று நாவலும் எழுதினார். 2020-ல் சிறார் இலக்கியத்துக்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற எழுத்தாளர் அவர். லட்சுமி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' ஓர் அம்மாவின் அனுபவப் பதிவு. பால்டிமோரில் டாக்டர் பெற்றோரைப் பற்றி எழுதினார். இங்கே பெற்றோரே எழுதுகிறார்கள், அதுவும் தமிழில்.

இன்னொரு பாதையும் தெரிய ஆரம்பித்திருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகள் பங்கேற்றார்கள். நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோரோடு உட்கார்ந்து, குழந்தையின் போக்குக்கு ஈடுகொடுத்துப் பழகுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் பழகும் விதம் மாறியது, குழந்தை தானாகத் தொடங்கும் பரிமாற்றங்களும் கூடின. அலைந்து திரிந்து நகரத்துக்கு வருவதற்குப் பதில், உதவி அவர்கள் இருக்கும் இடம் தேடிப் போனது.

ஆறரை மணிக்குத் திரும்பினால்...

எண்பது வருடத்தில் மாறியது என்ன என்று சுருக்கிப் பார்த்தால், கேள்விதான் மாறியிருக்கிறது. "அம்மாவிடம் என்ன தப்பு?" என்று தொடங்கியது. "பிள்ளைக்கு அடுத்து எதைச் சொல்லித்தரலாம்?" என்று மெட்ராஸிலும் வேலூரிலும் மாறியது. இப்போது "மற்றவர்கள் எதை மாற்றிக்கொள்ளலாம்?" என்று ஆகியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு அம்மா மட்டும் பதில் சொல்ல முடியாது. அதில் அப்பா, தாத்தா, பெரியம்மா, வகுப்பில் பக்கத்து பெஞ்சு, எதிர் வீடு எல்லாரும் உண்டு.

பெரிய செலவும் இல்லை. குக்கர் வைக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு அவனை வாசல்பக்கம் கூட்டிப்போக அம்மாதான் வர வேண்டும் என்பதில்லை, அப்பாவும் போகலாம். சட்டை லேபிளைக் கத்தரித்துவிடலாம். மண்டபத்தில் அவன் பின்வரிசையில் காதை மூடும் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். அலறும்போது அறிவுரை சொல்லாமல் டிவியை அணைக்கலாம்.

கிளம்பும்போது பெரியம்மா இன்னும் ஒன்று செய்யலாம். கேட்டில் நிற்கும் பிள்ளையிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல், "இப்ப ஊருக்குக் கிளம்பறேன், பொங்கலுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவன் காலண்டரில் பொங்கலை எண்ணிவிட்டு, சாப்பிட உள்ளே போவான்.